ராட்டைக்கு முன்னும் பின்னும்: நூற்பு வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைராட்டையோடு கூடத் தொடங்கியிருக்கும் நூற்பு வட்டத்தாருக்கு,

நூற்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. துணி அப்படி ஆவதில்லை. பருத்தி விளையும் காட்டுக்கும் தறி நிற்கும் வீட்டுக்கும் நடுவில் கொட்டை நீக்குபவர், பஞ்சு அடிப்பவர், திரி உருட்டுபவர், நூற்பவர், பாவு ஓட்டுபவர் என்று பல கைகள் உண்டு. அந்தக் கைகளை ஒன்றோடொன்று கோப்பதற்காகவே நூற்போர் சங்கங்கள் தோன்றின. ராட்டை சுற்றுவது சங்கத்தின் வேலையில் ஒரு பங்குதான். நல்ல பஞ்சைத் தேடிக் கொடுப்பது, வந்த நூலை அளந்து எடை போடுவது, முறுக்கைச் சோதிப்பது, கூலி கொடுப்பது, நெசவாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மற்றதெல்லாம் ராட்டைக்கு முன்னும் பின்னும் கிடக்கிறது. வாரம் ஒருநாள் கூடி நூற்கும் இன்றைய வட்டங்களில் பல, ராட்டையோடு நின்றுவிடுகின்றன. நூற்றுச் சுற்றிவைத்த நூல் சிட்டங்கள் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்குகின்றன. பழைய சங்கங்கள் எப்படி இயங்கின என்பதைப் பார்த்தால் அந்தச் சிட்டங்கள் தறிக்குப் போகும் வழி தெரியும்.

தமிழ் நிலத்துக்கு நூற்பு புதிய தொழில் அல்ல. பருத்தி நூற்கும் பெண்கள் சங்கப் பாடல்களிலேயே வருகிறார்கள். துணையின்றி வாழும் பெண்ணின் பிழைப்பாக அங்கே நூற்பு காட்டப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலை நூல் வந்து இறங்கியபோது முதலில் அழிந்தது நெசவு அல்ல, நூற்பு. நெசவாளர் ஆலை நூலை வாங்கித் தறியில் ஏற்றித் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார். நூற்றவருக்கு அப்படி ஒரு மாற்று வழி இல்லை. நூற்பவரும் நெய்பவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்த உறவு அப்போது அறுந்தது. பின்னால் வந்த சங்கங்கள் எல்லாம் முடிச்சுப்போட முயன்றது இந்த அறுந்த இடத்தில்தான்.

காந்தியின் ஆசிரமத்தில் தறி முதலில் வந்தது. ராட்டை பிறகுதான் வந்தது. ஆசிரமத்தார் நெய்யக் கற்றார்கள், ஆனால் தறியில் ஓடியது ஆலை நூல். கையால் நூற்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை. 1917இல் பரூச் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்ற துணிச்சலான பெண்மணி ராட்டையைத் தேடித் தருவதாகப் பொறுப்பேற்றார். குஜராத்தில் அலைந்து திரிந்து, அந்நாளைய பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாபூரில் அதைக் கண்டுபிடித்தார். பல வீடுகளில் ராட்டைகள் பரணில் கிடந்தன. அந்த வீட்டுப் பெண்கள் நூற்க மறுக்கவில்லை; இரண்டு உறுதி மட்டும் கேட்டார்கள். திரி தவறாமல் வர வேண்டும். நூற்ற நூலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நூற்போர் சங்கத்தின் வேலை இன்னதென்று அதைவிடத் தெளிவாக எந்த விதிமுறைப் புத்தகமும் சொன்னதில்லை. அந்த உறுதியைக் காப்பாற்றத் தொடக்கத்தில் உமர் சோபானியின் ஆலையிலிருந்து திரி வரவழைக்கப்பட்டது. கைந்நூலுக்கு ஆலைத் திரியா என்ற உறுத்தல் காந்திக்கு இருந்தது. பஞ்சு அடிப்பவர் ஒருவரைக் கங்காபென் தேடிப்பிடித்து, சில இளைஞர்களுக்குத் திரி போடப் பழக்கிய பிறகே அந்த உறுத்தல் தீர்ந்தது.

இயக்கம் நாடெங்கும் பரவியபோது வேறொரு சிக்கல் தலைதூக்கியது. ஆர்வத்தோடு நூற்கப்பட்ட நூலில் பெரும்பங்கு தறிக்கு உதவவில்லை. ஓரிடத்தில் கயிறாகவும் அடுத்த சாணில் மயிரிழையாகவும் இருந்தது. பாவில் ஏற்றினால் ஓயாமல் அறுந்தது; அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்து நெசவாளர் நாளைத் தொலைத்தார். ஆலை நூலைப் பாவாகவும் கைந்நூலை ஊடையாகவும் போட்டு நெய்த அரைக் கதர் அப்படித்தான் சந்தைக்கு வந்தது. நெசவாளர் கைந்நூலை வெறுத்தார் என்று பேசுவது அநியாயம். கெஜக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அறும் நூல் என்பது நேரடியான வருமான இழப்பு.

1924இல் பெல்காமில் கூடிய காங்கிரஸ், காந்தியின் தலைமையில், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று முடிவு செய்தது. அது நடைமுறையில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது; அங்கேயே அகில இந்திய சர்க்கா சங்கம் உருவானது. காந்தி தலைவர், சங்கர்லால் பாங்கர் செயலாளர்களில் ஒருவர். உறுப்பினராகச் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வழக்கமாகக் கதர் உடுத்த வேண்டும். முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1000 கெஜமும் இரண்டாம் வகுப்பு உறுப்பினர் ஆண்டுக்கு 2000 கெஜமும் தானே நூற்றுச் செலுத்த வேண்டும். அந்த நூல் நன்றாக முறுக்கேறியதாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே எழுதப்பட்டது. தறியில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதி அது. நூலின் தரத்தைச் சந்தாவின் நிபந்தனையாக வைத்த சங்கம் வேறு எங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

1000 கெஜம் என்பது எவ்வளவு? பழகிய கை சாதாரண ராட்டையில் மணிக்கு 300 கெஜம் நூற்கும் என்று வைத்துக்கொண்டால், மாதச் சந்தா மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டுக்கு 12,000 கெஜம். 45 அங்குல அகலமும் 4 கெஜ நீளமும் கொண்ட ஒரு வேட்டியை அங்குலத்துக்கு 40 இழை வீதம் பாவும் ஊடையும் வைத்து நெய்தால், பாவுக்கு 7200 கெஜம், ஊடைக்கு 7200 கெஜம், ஆக 14,400 கெஜம் நூல் வேண்டும். சேதாரம் தனி. சங்கத்தின் முதல் வகுப்பு உறுப்பினர் ஓராண்டு முழுவதும் தவறாமல் செலுத்தும் நூல் அவருடைய ஒரு வேட்டிக்கே போதாது. புதிய வட்டங்கள் இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போடுவது நல்லது. பத்துப் பேர் நூலைச் சேர்த்தால்தான் ஒரு பாவு ஆகும். சேர்க்க வேண்டுமானால் பத்துப் பேர் நூலும் ஒரே நம்பரில், அதாவது ஒரே பருமனில், இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதற்குத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் நல்ல சான்று. 1925 பிப்ரவரி 6ஆம் நாள் அங்கே ராஜாஜியின் காந்தி ஆசிரமம் தொடங்கியது. புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார், திறந்துவைத்தவர் ஈ.வெ.ராமசாமி. ஈரோட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்து, கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர் அவர். பின்னாளில் அவரும் ராஜாஜியும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பிப்ரவரியில் ஒரே மேடையில் நின்றார்கள். மார்ச்சில் காந்தியும் அங்கே வந்து போனார்.

புதுப்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் மானாவாரி ஊர்கள். மழை பொய்த்தால் சோளமும் கம்பும் இல்லை, கூலி வேலையும் இல்லை. அங்கே ராட்டை அரசியல் சின்னம் என்பதைவிட அடுப்பெரிய வைக்கும் கருவியாகத்தான் இருந்தது. பெண்கள் நடந்து வந்து நூலைக் கொடுத்துவிட்டுக் காசும் பஞ்சும் வாங்கிப் போவார்கள். காசு கணவன் கைக்குப் போகாமல் நூற்றவள் கைக்கே போயிற்று. அருகிலேயே சிகிச்சை, மதுவிலக்குப் பிரசாரம், தீண்டாமைக்கு எதிரான வேலை எல்லாம் நடந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினரையும் ஆசிரமத்தில் சமமாகச் சேர்த்துக்கொண்டதால் சுற்றுப்புற ஊர்களின் எதிர்ப்பையும் அது தாங்க வேண்டியிருந்தது. 1929இல் ராஜாஜி ஆசிரியராகவும் கல்கி துணையாகவும் நடத்திய 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழ் அங்கிருந்துதான் வந்தது. நூல் கொண்டுவரும் நாள் ஊர்ப் பெண்களுக்கு வாராந்தரச் சந்திப்பு நாளாகவும் ஆகிவிடும். சங்கத்தின் உயிர் நூல் கொடுக்க நின்ற அந்த வரிசையில் இருந்தது.

திருப்பூர் இன்னொரு மையம். சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்து இயங்கியது. கோவை அ. அய்யாமுத்து அதன் பொறுப்பில் இருந்து, கதருக்காக 'குடிநூல்' என்ற இதழையும் நடத்தினார். இன்று பின்னலாடை நகரம் என்று பெயர்பெற்ற ஊருக்கு அதற்கு முந்தைய முகம் கதர் முகம் என்பது அவ்வூரின் இளையவர்களுக்கே தெரியாமல் போகிறது.

நூல் வாங்கும் நாளில் நடக்கும் வேலையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் நூலும் முதலில் சட்டத்தில் சுற்றிச் சிட்டமாக்கப்பட வேண்டும். கதர்க்காரர்கள் பயன்படுத்திய சட்டத்தின் சுற்றளவு 4 அடி. 160 சுற்றுக்கு ஒரு கட்டு. நான்கு கட்டு, அதாவது 640 சுற்று, ஒரு சிட்டம். அதன் நீளம் 853 கெஜம். ஆலைகளின் பருத்திச் சிட்டம் 840 கெஜம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பது தற்செயல் அல்ல. கைந்நூலின் நம்பரும் ஆலை நூலின் நம்பரும் ஒரே மொழி பேசினால்தான் நெசவாளர் நம்பி வாங்குவார். ஒரு ராத்தல் எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை ஏறுகிறதோ அதுவே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் நூல் ராத்தலுக்கு 16,800 கெஜம் ஓடும். பின்னாளில் மெட்ரிக் அளவு வந்தபோது சிட்டம் 1000 மீட்டர் ஆனது; ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பது நம்பர் ஆனது. பழைய 20 நம்பர் புதிய கணக்கில் ஏறக்குறைய 34; 1000 மீட்டர்ச் சிட்டம் 30 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். நகைக்கடைத் தராசு ஒன்றும் ஒரு மரச் சட்டமும் இருந்தால் எந்த வட்டமும் இதைச் செய்துவிடலாம்.

எடையில் ஒரு பொறி உண்டு. பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நூல் வணிகத்தில் காய்ந்த பருத்தியின் எடைக்கு 8.5 சதவீதம் ஈரத்தைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஏறும். சித்திரையில் காய்ந்த பஞ்சை எடை போட்டுக் கொடுத்து ஐப்பசியில் நூலை வாங்கினால், எடை கூடித் தெரியும், நம்பர் குறைந்து தெரியும். மாற்றி நடந்தால் நூற்றவள் பஞ்சைத் திருடியதாகப் பழி விழும். கொடுத்த பஞ்சும் வந்த நூலும் கழிவும் ஒன்றாகக் கூட்டப்படும் கணக்கில் ஏழைப் பெண்ணின் நாணயம் ஈரப்பதத்தில் தொங்கக் கூடாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே அறையில், ஒரு நாள் கிடத்திவிட்டு எடை போடுவது என்ற சிறு வழக்கம் இதைத் தவிர்க்கும்.

நம்பரைவிடக் கடினமான சோதனை முறுக்கு. முறுக்குத்தான் பஞ்சிழைகளை ஒன்றோடொன்று இறுக்கி நூலாக்குகிறது. நூல் மெலிய மெலிய அதிக முறுக்கு வேண்டும். நம்பரின் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று கிடைக்கும். பாவு நூலுக்கு அந்த மாறிலி 4 அளவில். 20ஆம் நம்பருக்கு வர்க்கமூலம் 4.47, ஆகவே அங்குலத்துக்கு 18 முறுக்கு. ஊடைக்கு 14 அல்லது 15 போதும், ஏனென்றால் ஊடை தறியில் இழுபடுவதில்லை. ஒரு கெஜப் பாவு நூலில் 650 முறுக்கு இருக்க வேண்டும் என்று ஆகிறது. சக்கரம் ஒருமுறை சுற்றினால் கதிர் 80 முறை சுழலும் ராட்டையில், ஒரு கெஜத்துக்குச் சக்கரத்தை எட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். புதிதாக நூற்பவர் ஐந்து சுற்றில் நூலைக் கதிரில் ஏற்றிவிடுவார். நூல் பார்வைக்கு அழகாக, பஞ்சு போல மெத்தென்று இருக்கும். தறியில் முதல் மிதியிலேயே அது பிரிந்துவிடும். இழையின் இரு முனைகளையும் நெருக்கிப் பிடித்தால் நடுப்பகுதி தானாகத் திருகிக்கொள்ள வேண்டும். திருகாமல் தொங்கினால் முறுக்குப் போதவில்லை என்று பொருள். கருப்பு அட்டையில் இழைகளை நெருக்கமாகச் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தால் தடிப்பும் மெலிவும் கண்ணுக்குத் தெரியும். ஒரு கட்டு நூலைக் கொக்கியில் மாட்டி, அறும்வரை எடைக்கல்லைச் சேர்த்துப் போனால் பலமும் தெரிந்துவிடும். இந்த மூன்று சோதனைக்கும் மின்சாரம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.

சோதனையில் தோற்ற நூலை என்ன செய்வது என்பதில்தான் சங்கத்தின் குணம் வெளிப்படும். திருப்பி அனுப்பினால் நூற்றவர் மறுமுறை வரமாட்டார். பேசாமல் வாங்கிக்கொண்டால் நெசவாளர் ஓடிப்போவார். அட்டையையும் தராசையும் நூற்றவர் கண்முன் வைத்துச் சோதித்து, குறையை அவரே பார்க்கும்படி செய்து, அந்த நூலைக் கித்தான், பாய், துண்டு போன்ற தடித்த நெசவுக்குத் தனியாகப் பிரித்து வைப்பதே இரு தரப்பையும் காக்கும் வழி. மூடிய அறையில் தரம் பிரிப்பது எந்தச் சங்கத்தையும் மெல்ல அரித்துவிடும்.

நூலில் தெரியும் குறையில் பாதி பஞ்சில் தொடங்கியது. ஆலைக்குப் போகும் பஞ்சு இயந்திரத்தில் அமுக்கிப் பொதியாகக் கட்டப்படும். அந்த அழுத்தத்தில் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. பிரித்து மீண்டும் மலரச் செய்யப் பெரிய இயந்திர வரிசை தேவைப்படுகிறது. கைந்நூலுக்கு அமுக்காத பஞ்சே தோது. செடியிலிருந்து பறித்து, கையால் சுற்றும் சிறு உருளைப் பொறியில் கொட்டை நீக்கி, வில்லின் நரம்பால் அடித்த பஞ்சு மேகம் போலத் திறந்து நிற்கும். வில்லடியில் இழை அறுவதில்லை, அதிர்ந்து பிரிகிறது. அதைப் பலகையில் பரப்பி, குச்சியில் உருட்டி எடுத்தால் விரல் பருமனில் திரி. தளர உருட்டிய திரி நடுவில் அறும். இறுக உருட்டினால் இழுபடாது. நல்ல திரி போடத் தெரிந்த ஒருவர் வட்டத்தில் இருந்தால் மற்ற இருபது பேரின் நூலும் உயர்ந்துவிடும். ஆனாலும் வட்டங்களில் ராட்டை கற்றுக்கொள்ள வருபவர் பலர், வில் கற்றுக்கொள்ள வருபவர் அரிது.

தமிழ்நாட்டின் கரிசல் நிலத்துக்குச் சொந்தமான நாட்டுப் பருத்திகள் கருங்கண்ணியும் உப்பமும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மழையை மட்டும் நம்பி வளர்ந்தவை. இழை குட்டையாக இருப்பதால் ஆலைகள் அவற்றைக் கழித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியும் அதன் பின் வந்த நீண்ட இழை ரகங்களும் இடத்தைப் பிடித்தன. குட்டை இழை கைக்குப் பகை அல்ல. 20ஆம் நம்பருக்கு உட்பட்ட நூலுக்குக் கருங்கண்ணி தாராளமாகப் போதும். வட்டத்துக்கு ஒரு விவசாயியைத் தெரிந்திருந்தால், அவர் காட்டில் அரை ஏக்கர் கருங்கண்ணியை முன்பணம் கொடுத்து விளைவிக்கச் சொன்னால், விஜாபூர்ப் பெண்கள் கேட்ட முதல் உறுதி நிறைவேறும்.

இரண்டாவது உறுதி நூலை வாங்கிக்கொள்வது; வாங்குவது என்றால் கூலி. இங்கே பழைய சங்கத்தின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு, அதைத் துடைத்த முயற்சியும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் கதர் விலையைக் குறைவாக வைக்க வேண்டும் என்பதற்காக நூற்பவர் கூலி மிகக் கீழே வைக்கப்பட்டது. எட்டு மணி நேரம் சுற்றினாலும் கையில் சேர்வது ஓர் அணா அளவுதான். எதுவும் இல்லாத இடத்தில் ஓர் அணாவும் பெரிது என்ற வாதம் பத்தாண்டுகள் நின்றது. 1935இல் காந்தியே அந்த வாதத்தை உடைத்தார். நூற்பவர் அரைப் பட்டினி கிடக்க, உடுப்பவர் மலிவாகத் துணி வாங்குவதில் தர்மம் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்ற இலக்கை நோக்கிப் போக வேண்டும் என்றார். இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் கூலி உயர்ந்தது, துணி விலை ஏறியது, விற்பனை சரிந்த இடங்களும் உண்டு. அதைத் தெரிந்தே சங்கம் அந்த முடிவை எடுத்தது. கைந்நூல் துணி ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவருக்கு 48 மணி நேரம் என்பதே விடை. மேலே சொன்ன வேட்டிக்கு வேண்டிய நூலை மணிக்கு 300 கெஜம் வீதம் நூற்க அத்தனை நேரம் ஆகிறது. நெய்யும் கூலி அதற்கு மேல்.

கூலியை உயர்த்த இன்னொரு வழி ராட்டையைத் திருத்துவது. 1929இல் சர்க்கா சங்கம் திருத்திய ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அதன் விலை 150 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20ஆம் நம்பர் வரையிலான நூல் 16,000 கெஜம் நூற்க வேண்டும். கிராமத்திலேயே பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாதிரிகள் வந்தன, நிபந்தனை அனைத்தையும் நிறைவேற்றியது எதுவும் இல்லை, பரிசு கொடுக்கப்படவும் இல்லை. காந்தி எரவாடா சிறையில் திருத்தி அமைத்த, பெட்டிக்குள் மடங்கும் ராட்டை பயணத்துக்கும் நகர வீட்டுக்கும் ஏற்றதாயிற்று. இன்றைய வட்டங்களில் காணப்படுவது பெரும்பாலும் அதுதான். வேகத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் திருநெல்வேலி வட்டாரத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். ஆலையின் இழுக்கும் உருளைகளையும் வளையத்தையும் சிறிதாக்கி, கையால் சுற்றும் பொறியில் பல கதிர்களை ஓடவைத்தார். அவர் பெயரின் ஒரு துண்டுதான் அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் வழங்குகிறது. 1950களின் நடுவில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1957இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் செயல்படத் தொடங்கியபின் நிறுவனக் கதரின் முதுகெலும்பாகவே ஆனது.

அம்பர் நூற்பவரின் வருமானத்தைக் கூட்டியது, நூலைச் சீராக்கியது. இரண்டும் நிஜமான நன்மைகள். அதற்குக் கொடுத்த விலையும் நிஜம். அம்பருக்கு மிகச் சீரான திரி வேண்டும். வில்லால் அடித்த பஞ்சு போதாது. ஆகவே திரி போடும் வேலை கிராமத்தைவிட்டு ஆணையத்தின் மையத் திரி நிலையங்களுக்குப் போயிற்று. கர்நாடகத்தின் சித்திரதுர்கா, கேரளத்தின் குட்டூர் போன்ற ஊர்களில் இயந்திரம் போடும் திரி அங்கிருந்து சங்கங்களுக்கு வருகிறது. உள்ளூர்ப் பருத்திக்கும் உள்ளூர் நூலுக்கும் இருந்த தொடர்பு அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. திரி தாமதமானால் ராட்டை நிற்கிறது. பிழைப்புக்காக நூற்கும் சர்வோதய சங்கத் தொழிலாளிக்கு அம்பர்தான் சரி. அவரிடம் வில்லை எடுக்கச் சொல்வது கொடுமை. பிழைப்புக்கு நூற்காத புதிய வட்டங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. விட்டுப்போன பஞ்சு வேலையை மீட்டெடுக்கும் வசதி அவர்களுக்குத்தான் இருக்கிறது.

பள்ளிகளில் நூற்பு நுழைந்தது 1937 வார்தா மாநாட்டுக்குப் பின், ஆதாரக் கல்வி வழியாக. தக்ளி என்ற கைக்கதிரும் பஞ்சும் கொண்டு வகுப்புக்குப் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. பல பள்ளிகளில் அது மதிப்பெண் வாங்கும் சடங்காகச் சுருங்கியது. திண்டுக்கல் அருகே சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், மதுரைப் பக்கத்து தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் போன்ற இடங்களில் நூற்பு கல்வியாகவே நெடுநாள் நின்றது.

இன்னொரு பழைய விதி இன்றைக்குப் பொருத்தமானது. 1944இல் சிறையிலிருந்து வெளிவந்த காந்தி, காசு கொடுத்துக் கதர் வாங்கி உடுத்துவதோடு மக்கள் நின்றுவிட்டார்கள் என்று வருந்தினார். அடுத்த ஆண்டு, கதர் வாங்குபவர் விலையில் ஒரு பங்கைத் தானே நூற்ற நூலாகக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. கடைக்காரர்கள் திணறினார்கள், பலர் யாரோ நூற்ற நூலை வாங்கிக் கொடுத்தார்கள், விதி நீடிக்கவில்லை. கடைக்குப் பொருந்தாத அந்த விதி சிறு வட்டத்துக்கு அழகாகப் பொருந்தும். துணி வேண்டுபவர் 4000 கெஜம் நூல் தரட்டும், மீதி நூலை வட்டத்தின் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டு அதற்கும் நெசவுக்கும் உரிய காசைத் தரட்டும். கையிருப்பு தேங்காது, கணக்கும் நேராகும்.

கடைசியாக நெசவாளர். கைந்நூல் பாவை ஏற்க ஒப்புக்கொள்ளும் நெசவாளர் குறைவு. கிடைத்தவரை வட்டத்தின் உறுப்பினராகவே வைத்துக்கொள்ள வேண்டும். நூல் வாங்கும் நாளில் அவர் ஒருமுறையாவது வந்து கருப்பு அட்டையைப் பார்த்தால், எந்த நூல் பாவுக்கு, எது ஊடைக்கு என்று அவரே பிரித்துவிடுவார். முறுக்கேறிய நூலைச் சிட்டமாகவே நனைத்து, சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் முறுக்கு அமரும். பாவு ஓட்டியபின் கஞ்சி போடுவது அரிசிக் கஞ்சியா மைதாவா, எவ்வளவு கெட்டி என்பது அவர் தீர்ப்பு. கெஜத்துக்கு அவர் கேட்கும் கூலி ஆலை நூல் நெசவைவிட அதிகமாகத்தான் இருக்கும். முதல் பாவை ஊடை மட்டும் கைந்நூலாக வைத்துத் தொடங்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கதர் என்று சொல்லி விற்கக் கூடாது. பாவும் ஊடையும் இரண்டுமே கையால் நூற்றதாக, கையால் நெய்ததாக இருந்தால்தான் அந்தப் பெயர்.

துணி தறியிலிருந்து இறங்கியபின் பாவின் கடைசி முழம் நெய்ய முடியாமல் தறியிலேயே மிஞ்சும். விழுது பிடித்த இடத்தில் வெட்டி எடுக்கும் அந்த நுனிகளைக் கழிவு என்று எறிந்துவிடாமல், எடை போட்டு நூல் கணக்கில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த நூலும் வந்த துணியும் ஒருநாளும் நேராகாது. எழுதியபின் அவற்றை வட்டத்துக்கே எடுத்து வரலாம். அடுத்த வாரம் வரும் சிட்டங்களில் 160 சுற்றுக்கு ஒருமுறை கட்டுப் போட அந்த நுனிகள் சரியான நீளத்தில் இருக்கும்.